வெயிலில் நிறுத்திக் காட்டிய கார்



காரைக் கழுவுவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்டாள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 2023ஆம் ஆண்டு வாப்பாவின் காரை விற்ற அந்த இரண்டு நாட்களை நினைக்கும்போதெல்லாம், ஷாம்பு, பாலிஷ், மெழுகு என்று நாம் கடையில் எடுத்துக் கூடையில் போடும் குப்பிகளில் வெறும் பளபளப்பு மட்டும் இருப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில், நான் பிழை செய்து கற்றவற்றையும், பெரிய பிழை ஒன்றின் விளிம்புவரை சென்று திரும்பியதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். தூத்துக்குடி மாவட்டத்தின் கடலோரத்தில் இருக்கிறது. கடல் காற்று கேட்காமலேயே எல்லா வீடுகளுக்குள்ளும் வந்துவிடும். ஜன்னல் கம்பியிலும் கதவுக் கீலிலும் மாடியில் காயப்போட்ட துணியிலும் உப்பின் பிசுபிசுப்பு இருக்கும். தெருவில் நிறுத்தி வைத்த கார் மட்டும் அதற்குத் தப்புமா? இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். இரண்டு வருடம் கவனிக்காமல் விட்டால் கதவின் அடி ஓரத்தில் துரு தன் பெயரை எழுதிவிடும்.

வாப்பா இருபத்தாறு ஆண்டுகள் சவூதியில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியபின், 2013ஆம் ஆண்டு ஓர் அடர்நீலக் காரை வாங்கினார்கள். அவர்கள் வாழ்நாளில் தமக்கென்று வாங்கிய பெரிய பொருள் அதுவாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் சுப்ஹுத் தொழுதுவிட்டு வந்ததும், வெயில் ஏறுவதற்குள், ஒரு வாளித் தண்ணீரும் ஒரு குவளையும் ஒரு மென்துணியுமாகத் தெருவில் இறங்குவார்கள். முதலில் கூரை, பிறகு கண்ணாடி, பிறகு கதவுகள், கடைசியில் சக்கரம் என்று மேலிருந்து கீழாகவே அவர்களுடைய கை போகும். அந்த ஒழுங்குக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

2014ஆம் ஆண்டு என் ராத்தாவுக்கு நிகாஹ் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர எங்கள் காரும் போக வேண்டும். வாப்பா கல்யாண வேலையில் அலைந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் கல்லூரிப் படிப்பை முடித்திருந்த நான், காரை ஜொலிக்க வைக்கிறேன் பார் என்று முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு புறப்பட்டேன். நேரம் நண்பகல் பன்னிரண்டு. கார் நின்ற இடம் நல்ல வெயில். பாத்திரம் துலக்கும் திரவத்தை ஒரு வாளித் தண்ணீரில் கொட்டினேன். பழைய குளியல் துண்டு ஒன்றை எடுத்தேன். அதனாலேயே சக்கரத்தையும் தேய்த்து, அதே வாளியில் அலசி, அதே துண்டாலேயே கதவையும் வட்ட வட்டமாகத் தேய்த்தேன். நுரை நிறைய வந்தது, மனமும் நிறைந்தது.

அஸருக்குப் பிறகு சாய்ந்த வெயில் காரின் மீது விழுந்தபோதுதான் நான் செய்தது தெரிந்தது. அடர்நீல வண்ணத்தின் மேல் சிலந்தி வலை பின்னியது போல ஆயிரக்கணக்கான சுழல் கீறல்கள். அவற்றுக்கிடையில், வெயிலில் உலர்ந்த நீர்த்துளிகள் விட்டுச்சென்ற வெள்ளை வட்டங்கள். வாப்பா வந்து பார்த்தார்கள். திட்டவில்லை. கதவை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, "அழுக்கை எடுக்கப் போயி தோலை எடுத்துட்டியே மவனே" என்று மட்டும் சொன்னார்கள். கல்யாணத்துக்கு அந்தக் கார்தான் போனது. யாரும் எதையும் கவனிக்கவில்லை. நான் மட்டும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சொல்தான் என்னைத் தேடிக் கற்க வைத்தது. வாப்பா சொன்ன 'தோல்' என்பது உண்மையிலேயே ஒரு தோல்தான். இன்றைய கார்களின் வண்ணத்துக்கு மேல் 'கிளியர் கோட்' என்னும் நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். நாம் எழுதும் சாதாரணத் தாளின் தடிமனில் பாதி அளவுதான். மின்னுவதும் அதுதான், கீறுவதும் அதுதான். சக்கரத்தில் ஒட்டியிருந்த மணலை நான் துண்டில் எடுத்து, உப்புத்தாளால் தேய்ப்பது போல அந்தத் தோலின் மீது தேய்த்திருந்தேன். வாப்பா மேலிருந்து கீழே கழுவியதன் காரணம் அப்போது புரிந்தது. மணலும் சேறும் கீழ்ப்பகுதியில்தான் அதிகம். அங்கே தொட்ட துணி மீண்டும் மேலே ஏறக் கூடாது.

கற்றவற்றுள் முதலாவது, வாளி இரண்டு வேண்டும் என்பது. ஒன்றில் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். ஒரு பகுதியைத் துடைத்ததும் துணியை வெறும் நீரில் அலசி, மணலை அங்கே விட்டுவிட்டு, பிறகுதான் ஷாம்பு வாளியில் நனைக்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. துணியைத் தொடுவதற்கு முன்பே காரின் மேல் வெறும் தண்ணீரை ஊற்றி, தளர்ந்த மண் எல்லாவற்றையும் ஓடவிட வேண்டும். கார் நிழலில் நிற்க வேண்டும். முன்மூடியைத் தொட்டால் சூடு தெரியக் கூடாது. இவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஆயினும் விலை உயர்ந்த எந்தக் குப்பியும் இவற்றுக்கு ஈடாகாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

இரண்டாவது, கடையில் ஒரு குப்பியைக் கையில் எடுத்தால் அதன் மேல் அச்சிட்ட படத்தைப் பார்க்காமல், 'இது எதையாவது எடுக்குமா, எதையாவது சேர்க்குமா, அல்லது எதையாவது மறைக்குமா' என்று கேட்டுக்கொள்வது. கார் பராமரிப்புக்கென விற்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவற்றை இந்த மூன்று கேள்விகளுக்குள் அடக்கிவிடலாம்.

எடுப்பவை: ஷாம்பு அழுக்கை எடுக்கிறது. காருக்கென்றே விற்கும், காரமோ அமிலமோ மிகாத ஷாம்பு போதும். பாத்திரம் துலக்கும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை அறுப்பதற்காகச் செய்யப்பட்டது. அழுக்கோடு சேர்த்து, நாம் பூசிவைத்த மெழுகின் பாதுகாப்பையும் அது குலைத்துவிடும். 'கிளே' என்னும் களிமண் போன்ற கட்டி, கழுவிய பின்னும் வண்ணத்தில் ஒட்டியிருக்கும் துகள்களை எடுக்கிறது. அது தேவையா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, கழுவி உலர்ந்த கார்மேல் மெதுவாகத் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் தேவை; கண்ணாடி போல வழுக்கினால் தேவையில்லை. கிளே பயன்படுத்தும்போது அதற்குரிய வழவழப்பான திரவத்தைத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்; அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், முழுக் கதவையும் கீற.

பாலிஷும் எடுப்பவற்றில்தான் சேரும். பலர் அதைச் சேர்ப்பது என்று எண்ணுகிறார்கள். நுண்ணிய தேய்ப்புப் பொடி கலந்த பாலிஷ், கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சிறிது தேய்த்துச் சமன் செய்வதால்தான் கீறல் மறைகிறது. ஒவ்வொரு முறையும் தோல் கொஞ்சம் மெலிகிறது. ஆகவே மாதந்தோறும் பாலிஷ் போடுவது காரைப் பேணுவது ஆகாது. பற்பசையால் தேய்ப்பது, மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்டால் துடைப்பது என்று நம் ஊர்களில் உலவும் கைவைத்தியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலாவது, வலிமை தெரியாத ஒரு பாலிஷ். இரண்டாவது, எண்ணெய்ப் படலத்தால் ஒரு நாள் மினுக்கம் காட்டி, அடுத்த நாள் தெருப் புழுதியை எல்லாம் இழுத்து ஒட்டவைக்கும் வேலை.

சேர்ப்பவை: மெழுகு, செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு, செராமிக் பூச்சு. உயர்ந்த மெழுகு என்று சொல்லப்படும் கர்னௌபா, பிரேசில் நாட்டில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. நம் வெயிலில் அது சில வாரங்கள் தாங்கும். 'சீலண்ட்' எனப்படும் செயற்கைப் பூச்சு சில மாதங்கள் நிற்கும். செராமிக் அதைவிட நீண்டகாலம் இருக்கும்; ஆனால் அதை இடுவதற்கு முன் கீறல்களைச் சரிசெய்யாவிட்டால் கீறலையும் சேர்த்தே அது பூட்டிவைக்கும். வீட்டில் நாமே செய்வதற்கு, கழுவி உலர்த்திய கார்மேல் தெளித்துத் துடைக்கும் வகை சீலண்ட் ஒன்று போதுமானது என்பது என் முடிவு. உப்புக் காற்று வீசும் ஊரில் அது வீண்செலவும் அன்று. பூச்சு இருந்தால் உப்பும் புழுதியும் எளிதில் கழுவப்பட்டுவிடும். அழுந்தத் தேய்க்க நேராது.

துணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மைக்ரோஃபைபர் துணிகள் நான்கைந்து வைத்துக்கொள்ளுங்கள். வண்ணப் பகுதிக்கு, கண்ணாடிக்கு, உள்பகுதிக்கு, சக்கரத்துக்கு என்று நிறம் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது. மற்றத் துணிகளோடு துவைக்காதீர்கள். துணியை மென்மையாக்கும் திரவத்தில் நனைக்காதீர்கள். அது இழைகளில் படிந்து, நீரை உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

பெண்களும் குழந்தைகளும் இருக்கும் வீடுகளுக்காகச் சில எச்சரிக்கைகள். சக்கரத்தின் கறையைப் போக்க விற்கப்படும் சில திரவங்கள் கடும் அமிலம் கொண்டவை. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. குளிர்பானக் குப்பியில் ஊற்றி வைக்கவே கூடாது. அமிலம் எதையும் பிளீச்சிங் பவுடரோடு சேர விடாதீர்கள், நச்சுவாயு எழும். டாஷ்போர்டை மினுக்கும் திரவத்தை ஸ்டியரிங்கிலும் பிரேக் பெடலிலும் தப்பித்தவறியும் தடவாதீர்கள். வழுக்கும், உயிருக்கே ஆபத்து. டயர் மினுக்கும் திரவமும் பக்கவாட்டுக்கு மட்டும்தான். தரையைத் தொடும் பகுதிக்கு அன்று.

இனி தண்ணீர். ஒரு நாள், குழாயில் ரப்பர் ஹோஸை மாட்டிக் கழுவினால் எவ்வளவு செலவாகும் என்று அளந்து பார்த்தேன். எங்கள் வீட்டின் 15 லிட்டர் வாளி ஒன்றரை நிமிடத்தில் நிறைந்தது. அப்படியானால் இருபத்தைந்து நிமிடம் ஹோஸைத் திறந்து வைத்தால் 250 லிட்டர். வாளியும் குவளையும் கொண்டு கழுவினால், முன்னும் பின்னும் ஊற்றும் நீரையும் சேர்த்து ஐந்து வாளி. அதாவது 75 லிட்டர். கார் ஒன்றேதான், அழுக்கும் ஒன்றேதான். நபி (ஸல்) அவர்கள் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவான ஒரு 'முத்' நீரில் ஒளூச் செய்தார்கள் என்று மதரஸாவில் ஓதிவிட்டு வந்த நாம், தெருவில் இருநூற்றைம்பது லிட்டரை ஓடவிட்டு நிற்பதை எப்படி நியாயப்படுத்துவது? அன்றோடு ஹோஸைச் சுருட்டிவைத்தேன்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. சுண்ணச் சத்து மிகுந்த அந்த நீர் உலர்ந்தால் வெள்ளை வட்டங்கள் விழும். எனவே கழுவியதும் உலரவிடாமல் உடனே துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். புதிதாக விழுந்த வட்டங்கள் என்றால், நீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்துச் சிறிது நேரம் வைத்துத் துடைத்து, பிறகு நன்றாகக் கழுவிவிட்டால் போகும். காக்கை எச்சமும் அப்படித்தான்; அதில் அமிலத்தன்மை இருப்பதால் வெயிலில் வண்ணத்தை அரித்துவிடும். காய்ந்ததைச் சுரண்டாமல், நனைத்த துணியை மேலே போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும்.

இவையெல்லாம் நான் ஒரே நாளில் கற்றவை அல்ல. வெள்ளிக்கிழமை ஒன்றுக்கு ஒரு பாடம் என்று வாப்பாவோடு தெருவில் நின்று கற்றவை. இரண்டாவது வாளியை நான் கொண்டுவந்து வைத்த முதல் நாள் அவர்கள் சிரித்தார்கள். பிறகு அந்த வாளியின் அடியில் தேங்கிய மணலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவையுமா நான் வண்டி மேலே தேய்ச்சேன்?" என்று கேட்டார்கள். அதன்பின் இரண்டு வாளிகளையும் அவர்களே எடுத்து வைப்பார்கள்.

2019இல், தெருமுனையில் திரும்பும்போது வாப்பா பின்பக்க இடது கதவை ஒரு கல்தூணில் உரசிவிட்டார்கள். கதவு நன்றாகவே உள்வாங்கிவிட்டது. டிங்கரிங் செய்து, பட்டி வைத்து, மறுவண்ணம் அடித்துக் கொடுத்தார்கள். முதல் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நல்ல வெயிலில் சற்றுச் சாய்ந்து பார்த்தால், அந்தக் கதவின் பரப்பு ஆரஞ்சுப்பழத் தோல் போல மெல்லச் சொரசொரப்பாகவும், நீலம் ஒரு சாயல் வேறுபட்டும் இருக்கும். அதன்பிறகு வாப்பாவின் உடல்நிலை தளர்ந்தது. கார் நின்றது நின்றபடி நின்றது. நானும் வேலைக்காக வெளியூரில் இருந்தேன். 2022ஆம் ஆண்டு வாப்பா வஃபாத் ஆனார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கார் வாரிசுகள் அனைவருக்கும் உரிய சொத்தாயிற்று. உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு. மீதி எனக்கும் ராத்தாவுக்கும். ஓட்ட ஆளில்லாத காரை உப்புக் காற்றில் துருப்பிடிக்க விடுவதைவிட விற்றுப் பங்கிட்டுவிடுவதே நல்லது என்று மூவரும் முடிவு செய்தோம். விற்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மச்சான் சென்னையில் வியாபாரம் செய்பவர், நல்ல மனிதர், எங்கள் குடும்பத்துக்கு அவர் செய்த உதவிகள் ஏராளம். அவர் ஒரு குப்பியை வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். "மாப்ளே, இதைப் போட்டுத் தேய். ஒரு கீறல் தெரியாது. பதினஞ்சாயிரம் கூடக் கிடைக்கும். மாமிக்கு மருந்து செலவு இருக்குல்ல" என்றார். அது 'கிளேஸ்' என்னும் வகை. நான் முன்பு சொன்ன மூன்றில் மூன்றாவது. அது கீறலை எடுப்பதில்லை. அதிலுள்ள எண்ணெய்ப் பசையும் நிரப்பும் பொருளும் கீறலின் பள்ளத்தில் அமர்ந்துகொள்வதால் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. சில முறை கழுவினால் கரைந்து போய், கீறல் முன்பு இருந்தபடியே திரும்பி வந்துவிடும்.

அந்தப் பொருளே தவறானது என்று நான் சொல்லவில்லை. நம் சொந்தக் காரை ஒரு விசேஷத்துக்கு அழகாகக் கொண்டுபோக நினைத்து அதைப் போட்டால் அதில் யாருக்கும் நட்டமில்லை. நான் அன்று போட்டது அதற்காக அன்று. 2014இல் நான் இட்ட சுழல் கீறல்களில் எஞ்சியவை, காக்கை எச்சம் அரித்த தடங்கள், அந்த இடது கதவு ஆகியவற்றை முன்பின் அறியாத ஒருவரின் கண்ணிலிருந்து மறைக்கவே இரண்டு இரவுகள் உட்கார்ந்து தேய்த்தேன். உம்மாவின் மருந்துக்காகத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம் நப்ஸு நல்ல காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் தவறான வேலையை வாங்குகிறது.

அடுத்த நாள் மஃரிபுக்குப் பிறகு, பக்கத்து ஊரான ஆறுமுகநேரியிலிருந்து ஓர் இளைஞர் பார்க்க வந்தார். தன் தாயாரைச் சிகிச்சைக்காகத் திருநெல்வேலிக்கு அழைத்துப்போய்வர ஒரு வண்டி வேண்டும் என்றார். தெருவிளக்கின் மங்கலான வெளிச்சத்தில் கார் புதுமணப்பெண் போல நின்றது. அவர் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணில் ஆசை தெரிந்தது. நாங்கள் சொன்ன விலையைக் குறைக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. "பாய் வீட்டு வண்டின்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்னு எங்கப்பா சொன்னாரு அண்ணே" என்று சொல்லிக்கொண்டே முன்பணத்தை எடுக்கப் பைக்குள் கைவிட்டார்.

அந்தச் சொல் என்னை நிறுத்திவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்ற நம்பிக்கையை இந்தத் தெருவில் சம்பாதித்தது நான் அல்லன். வாப்பாவும் அவர்களைப் போன்ற எத்தனையோ பெரியவர்களும். அதை நான் ஒரு குப்பிக் கிளேஸுக்கு விற்கப் போகிறேன். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு அடியில் இருந்த ஈரத்தைக் கண்டறிந்து, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட நிகழ்ச்சியை ஜும்ஆ மேடையில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! அந்த வியாபாரியின் இடத்தில் நான் நிற்பேன் என்று ஒருமுறையும் நினைத்ததில்லை.

"முன்பணம் இப்ப வேண்டாம் தம்பி. நாளைக்குக் காலையிலே பத்து மணிக்கு வாங்க. வெயில்லே பாருங்க" என்றேன். அவர் முகம் வாடியது. விலை கூடத் தருபவர் வேறு யாரோ வந்துவிட்டார் என்று எண்ணினார் போலும்.

அன்றிரவு உம்மாவிடமும் தொலைபேசியில் ராத்தாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பணம் என்னுடையது மட்டுமன்று என்பதால் அவர்களைக் கேட்காமல் முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லை. குறையும் தொகையை என் பங்கில் கழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். ராத்தா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இல்லாத விலையிலே என்ன பங்கு? உள்ளதைக் காட்டி வித்து, வர்றதைப் பிரி" என்றாள். உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அந்தப் புள்ளையோட உம்மாவும் நோயாளியா?" என்று மட்டும் கேட்டார்கள்.

காலையில் எழுந்து நான் செய்த வேலை, இரண்டு இரவுகள் செய்ததை அழிப்பது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சம அளவு நீர் கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து ஒவ்வொரு பகுதியாகத் துடைத்தேன். பாலிஷும் கிளேஸும் விட்டுச்சென்ற எண்ணெயை அகற்றி, வண்ணத்தின் உண்மை நிலையைப் பார்க்க இத்தொழிலில் இருப்பவர்கள் செய்யும் வேலைதான் இது. துடைக்கத் துடைக்கச் சுழல் கீறல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்பது வருடத்துக்கு முந்தைய என் அறியாமையும் அவற்றோடு வந்து நின்றது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நெஞ்சுக்குள் இரண்டு நாளாக இருந்த பாரம் இல்லை.

இளைஞர் தன் தந்தையோடு வந்தார். காரை வெயிலில் நிறுத்தினேன். இடது கதவருகில் அவரைச் சாய்ந்து பார்க்கச் சொல்லி, பட்டி வைத்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். கதவின் அடியில் தொடங்கியிருந்த துருவையும், எச்சம் அரித்த தடங்களையும் காட்டினேன். பெரியவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் சுற்றி வந்தார். பிறகு பன்னிரண்டாயிரம் குறைத்துக் கேட்டார். அது நியாயமான விலைதான். ஒப்புக்கொண்டேன். ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தபோது, வீட்டில் இருந்த ஷாம்பு, சீலண்ட், துணிகள் எல்லாவற்றையும், இரண்டாவது வாளி உட்பட, காரின் பின்பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். கிளேஸை மட்டும் கொடுக்கவில்லை.

மச்சானுக்கு வருத்தம்தான். "ஊர்லே எல்லாரும் செய்றதுதானே மாப்ளே" என்றார். ஒரு மாதம் வரை சரியாகப் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டு இரவுகள் தேய்த்த கை என்னுடையது. பாய் வீட்டு வண்டி என்று அந்த இளைஞர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேனா என்ற கேள்வி இன்றும் என்னிடம் இருக்கிறது. அதற்கு விடை சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

இப்போது என்னிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருக்கிறது. வெள்ளியன்று காலையில் என் எட்டு வயது மகனும் துணியோடு இறங்கிவிடுகிறான். இரண்டு வாளிகளை வைக்கிறோம். மேலிருந்து கீழே வருகிறோம். முடித்தபின் இரண்டாவது வாளியைச் சாய்த்து அடியில் எவ்வளவு மணல் என்று பார்ப்பது அவனுக்குப் பிடித்த வேலை. போன வாரம், கதவில் இருந்த ஒரு கீறலைக் காட்டி, இதை மறைக்க மருந்து இல்லையா வாப்பா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதையும், அவனுடைய அப்பாவின் காரை வெயிலில் நிறுத்திய கதையையும் அவனுக்குச் சொன்னேன். எங்கள் வழக்கில் அப்பா என்றால் பாட்டனார்.

சகோதரர்களே, சகோதரிகளே, உங்கள் காரை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் தந்த பொருளைப் பேணுவதும் நன்றியில் ஒரு பகுதிதான். குப்பியை வாங்கும்போது அது எடுக்குமா, சேர்க்குமா, மறைக்குமா என்று பாருங்கள். மறைக்கும் என்றால், யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கல்களில் வாய்மையையும், அதன் வழியே பரக்கத்தையும் அருள்வானாக. என் வாப்பாவின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.